கடற்காற்றுக்குக் கலையாத மை
புதுச்சேரியில் மஸ்காரா போடுகிறவர்களுக்குக் கடற்கரைச் சாலைதான் பரீட்சை. காந்தி சிலை வரை நடந்து திரும்புவதற்குள் வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து கண்ணுக்குக் கீழே கறுப்பை இறக்கிவிடும். ஜப்பான் மருந்துக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 'ஹீரோயின் மேக்' இதற்கு நன்றாகவே ஈடுகொடுக்கிறது. (தயாரிக்கும் இசேஹான் நிறுவனம் 1825-ல் குசும்பப்பூ உதட்டுச் சாயத்தோடு கடை திறந்ததாம்!)

அங்கிருந்து வருகிறவர்களிடம் வாங்கிவரச் சொல்லும்போது வகையையும் சொல்லிவிடுங்கள். 'வாட்டர்ப்ரூஃப்' வெறும் தண்ணீருக்கு அசையாது. ரிமூவர் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, மூடிய இமைமேல் கொஞ்ச நேரம் வைத்துத் துடைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் மையோடு இமைமுடியும் வந்துவிடும். 'ஃபிலிம்' வகை வெதுவெதுப்பான நீரிலேயே மெல்லிய குழல்களாகக் கழன்றுவிடும். தினமும் போடுபவர்களுக்கு அதுவே தோது.

திறந்து 3 மாதமானால், மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள். அக்கா தங்கைக்குள் மாற்றிப் போட வேண்டாம், கண்வலி ஒட்டிக்கொள்ளும்.