பிள்ளை பள்ளிக்கூடம் போயாச்சு... தாய்க்கு மறுபடி வேலை உண்டா?

காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும் தாய்மார்களில் டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் படித்தவர்கள் புளியந்தோப்பில் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறி அம்பத்தூர் கம்பெனிக்குப் போனவர்கள். சால்டரிங் தெரியும், மெஷின் ஓட்டத் தெரியும். மறுபடி வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே, "நடுவிலே அஞ்சாறு வருஷம் என்னம்மா பண்ணீங்க?" என்பதுதான். குழந்தை வளர்த்தேன் என்ற பதிலை யாரும் அனுபவக் கணக்கில் சேர்ப்பதில்லை!

லீவு வேறு, ராஜினாமா வேறு

சட்டம் இல்லையா? இருக்கிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கான மகப்பேறு விடுப்பு 2017ல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தாய் நாளைக்கு 4 தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு.

ஆனால் இதெல்லாம் லீவு போட்டவருக்கு. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அல்ல.

26 வாரம் என்பது ஆறு மாதம். குழந்தை தவழக்கூட ஆரம்பித்திருக்காது. வீட்டில் பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ இல்லை. 20 பேர் வேலை செய்யும் பட்டறையில் காப்பகம் வைக்கச் சட்டக் கட்டாயமும் இல்லை. அந்தத் தாய் என்ன செய்வாள்? ராஜினாமாதான். அன்றோடு சட்டத்தின் பாதுகாப்பும் போச்சு!

யாருக்குக் கதவு?

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண் விஞ்ஞானிகள் மறுபடி ஆராய்ச்சிக்கு வர உதவித்தொகை. 2008ல் டாடா குழுமமும் இப்படி இடையில் நின்ற பெண்களுக்கு ஒரு திட்டம் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் இவை பெரிய படிப்புக்காரர்களுக்கு. பட்டறையில் நின்ற டிப்ளமோக்காரப் பெண்ணுக்கு இந்தக் கதவு திறக்காது.

அவளுக்கு இருப்பது அரசு ஐ.டி.ஐ. அங்கே பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. புதிதாகத் தொழில் கற்பவருக்கு அது சரி. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் மறுபடி 'அ, ஆ'விலிருந்தா ஆரம்பிப்பது? அவருக்கு வேண்டியது, புது மெஷினில் கை பழகச் சில மாதம், அதுவும் சம்பளத்தோடு.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. 2023ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டின், பணக்கார நாடுகளிலேயே ஆண், பெண் சம்பள வித்தியாசம் பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் விழுகிறது என்று காட்டினார். திறமைக் குறைவு இதற்குக் காரணமல்ல.

ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் முதலாளிகள் இதை யோசிக்கலாம். நாலைந்து சின்னப் பட்டறைகள் சேர்ந்து ஒரு காப்பகம் வைத்தால் பாதிப் பிரச்னை தீரும். தாய்மாரும் ராஜினாமாவில் கையெழுத்துப் போடுமுன், "சம்பளமில்லாமலாவது இன்னும் கொஞ்சம் லீவு கிடைக்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பது நல்லது. லீவு நீண்டால் வேலை கையில் இருக்கும். எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது லேசல்ல.