“செய்யலாம்” போதாது, “செய்ய வேண்டும்”

எங்கள் சித்தப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சைகோன் போய் வந்தவர். பகலில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்; ராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காரமும் கவலையும்தான் காரணம் என்றார்கள் வைத்தியர்கள். பிரெஞ்சு படிக்கிற பையன் என்பதால் அவருக்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். “நோய் பணிக்காலத்தில் வந்ததற்குச் சான்று இல்லை” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். புற்றுநோயையும் உண்டாக்கும் என்று 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் அறிவித்தது.

ராணுவத்தினருக்கு இந்தப் பரிசோதனையைச் சட்டமாக்கும் யோசனையைப் பற்றிப் படித்தேன். உடனே கிளம்பிவிட்டார்கள், செலவு என்று! ஒரு பையில் மூச்சை ஊதினால் தெரிந்துவிடும். இரண்டு வாரம் மாத்திரை. பீரங்கிக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் இதற்குப் பார்க்கிறார்கள்.

“கிருமி சின்ன வயதிலேயே வீட்டில் தொற்றுவதுதானே” என்கிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான். அதனால்தான் சேரும் நாளிலேயே பார்க்கச் சொல்கிறேன். இருந்தால் குணப்படுத்தி அனுப்புங்கள். “கண்டபடி மருந்து கொடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும்” என்பது நியாயமான பயம். கிருமி உள்ளவருக்கு மட்டும் கொடுங்கள். போய்விட்டதா என்று மறுபடி பாருங்கள்.

தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் பொதுமக்களுக்கு இதைச் செய்தார்கள். வயிற்றுப் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

கோப்புகளோடு காலம் கழித்தவன் சொல்கிறேன். சட்டத்தில் “செய்யலாம்” என்று எழுதினால் ஒருவரும் செய்யமாட்டார்கள். “செய்ய வேண்டும்” என்று எழுதுங்கள். சேரும் நாளில் ஒரு தடவை, விலகும் நாளில் ஒரு தடவை. இரண்டு முடிவும் பணிப் பதிவேட்டில் ஏற வேண்டும்; நகல் அவர் கையில் இருக்க வேண்டும்.

சித்தப்பாவிடம் மெடல் இருந்தது. அந்த ஒரு காகிதம்தான் இல்லை.