கரி அடுப்பை வெளியே எடுங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் போதும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஜன்னல் தாழ்ப்பாள்கள் விழுகின்றன. கதவிடுக்கில் பழைய துணியைச் சுருட்டித் திணிக்கிறோம். வாசலில் மூட்டி வைத்த கரி அடுப்பு புகை அடங்கிச் செக்கச் செவேலென்று கனிந்ததும், அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் படுக்கும் அறையின் நடுவில் வைக்கிறோம். பாசத்தில் செய்கிற காரியம் என்பதால் யாரும் தட்டிக் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். நானும் இதே மலையில் பிள்ளை வளர்க்கிறவள்தான்.

“புகைதான் போயிடுச்சே, இனி என்ன பயம்?” என்பீர்கள். பயப்பட வேண்டிய நேரமே அதுதான். விறகுப் புகையாவது கண்ணைக் கரிக்கும், இருமலைக் கிளப்பும், எழுந்து ஜன்னலைத் திறக்க வைக்கும். கனிந்த கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூடிய அறையில் காற்று குறையக் குறைய அது கூடுதலாக உண்டாகும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு வாங்குகிறவர்கள். அதே அறையில் அவர்களுக்குத்தான் அது முதலில் ஏறும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். போதாததற்கு ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. இருக்கிற கொஞ்சத்தையும் அடுப்போடு பங்கு போடச் சொல்கிறோம் பிள்ளையை.

கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. படித்துவிட்டு, “ஐயோ பாவம், வெளியூர்க்காரங்க, விவரம் தெரியாதவங்க” என்று பேப்பரை மடித்து வைக்கிறோம். விவரம் தெரிந்த நாம் வைத்திருக்கும் அடுப்பும் அதேதான்.

அடுத்து வருவது பாட்டி வாதம். “எங்க பாட்டி ராத்திரி முழுக்கக் கரி அடுப்பு வெச்சுத்தான் எங்களை வளர்த்தா, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?” பாட்டி இருந்தது ஓட்டு வீடு. எஸ்டேட் லயன் வீடென்றால் தகரக் கூரை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இடைவெளி, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கை நுழைகிற சந்து, சரியாகப் பொருந்தாத மரக் கதவு. கேட்காமலே காற்று உள்ளே வந்தது, கெட்ட காற்று கேட்காமலே மேலே போனது. நீங்கள் கடன் வாங்கிக் கட்டியிருப்பது கான்கிரீட் தளமும் ரப்பர் பட்டை வைத்த அலுமினிய ஜன்னலும் போட்ட வீடு. பூச்சி நுழையாது என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்த வீட்டில் பாட்டியின் அடுப்பை வைத்தால் என்ன ஆகும்? அதோடு இன்னொன்றையும் யோசியுங்கள்: பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் இருமல் நின்றதா? விறகு, கரி, சாணம் எரித்துச் சமைப்பதால் வீட்டுக்குள் உண்டாகும் மாசு 2020-இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேரின் சாவுக்குக் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 2,37,000-க்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுகூட ஆகாதவர்கள். “நாங்க என்ன செத்தா போயிட்டோம்” என்று கேட்க அவர்கள் வரமாட்டார்கள்.

சிம்னி வைத்த பழைய பங்களாவில் குடியிருப்பவர்கள் இதுவரை நிம்மதியாகத் தலையாட்டியிருப்பீர்கள். உங்களுக்கும் இருக்கிறது. 1820-களில் கலெக்டர் சல்லிவன் காலத்தில் வந்த வெள்ளைக்காரர்கள் ஊர் ஞாபகத்தில் கட்டிக்கொண்ட திறந்த கணப்படுப்பு, பார்க்க அழகு. சூட்டில் மட்டும் கஞ்சன். எரிகிற விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து பதினைந்து பங்கு அறைக்கு வந்தால் அதிகம். மிச்சம் சிம்னி வழியாக ஆகாயத்துக்கு. போகும்போது அறையில் சூடாகியிருந்த காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பப் பின்கட்டிலிருந்து குளிர்காற்று வரும். அதனால்தான் முகம் வேகிறது, முதுகு விறைக்கிறது. விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு 1796-லேயே இதைக் கண்டுபிடித்து, அடுப்பின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய், புகை போகும் கழுத்தைக் குறுக்கு என்று எழுதி வைத்துவிட்டார். கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பை அதே பொந்தில் பொருத்தி, குழாயை மேலேவரை கொண்டுபோனால் வெப்பத்தில் பாதிக்கும் மேல் வீட்டுக்கே கிடைக்கும். விறகுச் செலவும் இறங்கும். வீட்டுக்குச் சாயம் அடிக்கும் காசில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம்.

அதற்கும் முன்னால் உங்கள் சிம்னி திறந்திருக்கிறதா என்று மேலே ஏறிப் பாருங்கள். குரங்கு வருகிறது, மழை இறங்குகிறது என்று யாரோ எப்போதோ சாக்கை அடைத்திருப்பார்கள். பறவை கூடு கட்டியிருக்கும். உள்சுவரில் தார் போலப் படியும் கரி ஒரு நாள் அடுப்புச் சூட்டில் தீப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சுரண்டாத சிம்னியில் தீ மூட்டாதீர்கள். சூடு போய்விடுமே என்று, தணல் இருக்கும்போதே சிம்னித் தகட்டை மூடிவிட்டுப் படுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது கரி அடுப்பை அறைக்குள் வைப்பதற்குச் சமம். சாம்பல் கையில் தொட்டால் குளிரும்வரை தகடு திறந்தே இருக்கட்டும்.

விறகு விஷயத்தில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். நேற்று வெட்டிய கற்பூர மரத்தை எடை போட்டு வாங்கினால் அதில் பாதி தண்ணீர். பத்து கிலோ விறகுக்குக் காசு கொடுத்து நாலைந்து லிட்டர் தண்ணீரை வீட்டுக்குச் சுமக்கிறோம். பிறகு அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே தீயில் ஒரு பங்கு செலவாகிறது. தீ மந்தமாகிப் புகையும் கூடுகிறது. சீகையோ கற்பூரமோ, தையில் பிளந்து, மேலே மட்டும் மறைப்புப் போட்டு, பக்கமெல்லாம் காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். அடுத்த மார்கழிக்கு எரியுங்கள். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். பற்ற வைக்கப் பால் கவரையும், பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டத்தையும், பிளைவுட் துண்டையும் போடுகிறவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சுள்ளி கிடைக்காத மலையிலா இருக்கிறோம்?

குளிருக்கு என்னதான் செய்வது என்றால், அறையை விட்டுவிட்டுப் பிள்ளையைச் சூடாக்குங்கள். கம்பளிக் குல்லாய், காலுறை, படுக்கையில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை (பிள்ளை படுக்கும்போது அதை எடுத்துவிடுங்கள்). ஜன்னலுக்குக் கனமான திரை. கூரைக்கடியில் பலகை அடித்தால் குளிர் குறையும். கட்டுப்படியானால் ஆயில் ஹீட்டர். கரண்ட் பில் ஏறும், பிள்ளை மூச்சுவிடும். சிம்னி அடுப்பு எரிகிற அறையில் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்காவது திறந்து வையுங்கள். தீக்கும் மூச்சு வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. புகை அலாரம் அந்த வேலையைச் செய்யாது, பார்த்து வாங்குங்கள். அலாரம் இருக்கிறதே என்று கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்துவிடாதீர்கள்.

பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டித் தூபக்காலுக்கு மேலே பிடித்துச் சாம்பிராணி காட்டும் அம்மாக்களே, அதிலும் எரிவது கரிதான். துண்டால் துவட்டினாலே தலை காயும். கேஸ் கீசரிலும் எரிவது தீதான். அதை ஜன்னலில்லாத குளியலறையில் மாட்டிவிட்டுப் பிள்ளையை உள்ளே அனுப்பித் தாழிடச் சொல்கிறவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறீர்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு மேலே வரும் சமவெளிப் பெற்றோரே, தங்கும் இடத்தில் “ரூமுக்கு ஒரு கரி அடுப்பு கொடுங்க” என்று கேட்காதீர்கள். கொடுத்தால் வாங்காதீர்கள். இன்னும் இரண்டு போர்வை கேளுங்கள். வாசலில் மூட்டிய கேம்ப் ஃபயர் வாசலிலேயே இருக்கட்டும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், வாந்தி. வெளியே போனால் தெளிகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது என்றால் அது பனிக்காய்ச்சல் இல்லை. சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். எல்லோரையும் திறந்த வெளிக்கு இழுத்து வந்து 108-க்குக் கூப்பிடுங்கள். என்ன எரிந்தது, எவ்வளவு நேரம் எரிந்தது என்று வருகிறவர்களிடம் சொல்லுங்கள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஏறிய விஷம் இறங்க ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்.

இன்று ராத்திரி கரி அடுப்பை வெளியே வைக்கும்போது படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். காற்று அந்தப் பக்கம் அடித்தால் அந்த வாயு திரும்ப உள்ளேதான் வரும். கொல்லைக்குக் கொண்டுபோய் மண்ணைப் போட்டு மூடிவிட்டு வாருங்கள்.