மீண்டும் வரும் நாட்களும் கணிப்பொறியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

மனித வாழ்வில் ஒரே ஒரு முறை வந்து போகும் நாட்கள் மிகச் சில. மீண்டும் மீண்டும் வரும் நாட்களே மிகுதி. வாரச் சந்தை, மாதச் சம்பளம், மகளிர் குழுக் கூட்டம், அமாவாசை விரதம், பருவத் தேர்வு என்று நம் வாழ்க்கை ஒரு சுழற்சியிலேயே நடைபெறுகிறது. இந்நாட்களை நினைவூட்டும் பொறுப்பைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிடமிருந்து இன்று கைப்பேசி வாங்கிக்கொண்டுவிட்டது.

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சுவர்க் காலண்டரில் நாமே எண்ணிப் பார்த்து நாள் குறித்தோம். கைப்பேசியோ நமக்காக எண்ணுகிறது. எப்படி எண்ணுவது என்பதை எங்கோ இருந்து மென்பொருள் எழுதுபவர் தீர்மானிக்கிறார். அவர் கணக்குப் பிசகினால் நம் நாள் தவறிப்போகிறது. எனவே, மீண்டும் வரும் நாட்களுக்கு மென்பொருள் எழுதுவோர் தம் வசதிக்கேற்ப எதையும் ஊகித்துக்கொள்ளக் கூடாது. பயன்படுத்துவோரின் கருத்து எதுவோ அதையே காக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஒரு சொல், இரு பொருள்

நான்கு வாரத்துக்குரிய சர்க்கரை மாத்திரை வாங்கி வரும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். ஜனவரி 6ஆம் தேதி தொடங்கிய மாத்திரை, பிப்ரவரி 2ஆம் தேதியோடு தீர்ந்துவிடும். "மாதாமாதம் மாத்திரை வாங்கணும்" என்றுதான் அவர் சொல்வார். அதைக் கேட்டு, மாதந்தோறும் 6ஆம் தேதி என்று கைப்பேசியில் பதிந்துவிட்டால் மூன்று நாட்கள் மாத்திரை இல்லை. மாதக் கணக்கில் ஆண்டுக்கு 12 முறை. 28 நாள் கணக்கில் 13 முறை. சொல் ஒன்று, கணக்கு இரண்டு.

வங்கி விடுமுறையைப் பாருங்கள். 2015 செப்டம்பர் முதல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை. 'இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதானே' என்று எண்ணி 2025 ஜனவரி 11இலிருந்து 14 நாட்களாகக் கூட்டிப் பாருங்கள். மார்ச் 22 வரை எல்லாம் சரியாகவே வரும். அடுத்து ஏப்ரல் 5 என்று காட்டும். அதுவோ முதல் சனிக்கிழமை! மார்ச்சில் ஐந்து சனிக்கிழமைகள் வந்ததே காரணம். மூன்று மாதம் சரியாக ஓடி, நான்காம் மாதம் ஏமாற்றும் பிழை, முதல் நாளே தெரியும் பிழையைவிடக் கொடியது அன்றோ?

இனி, 31ஆம் தேதிக்கு வருவோம். 'மாதந்தோறும் 31' என்று பதிந்தால் ஏப்ரலில் என்ன செய்வது? நாட்காட்டி மென்பொருள்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள 'ஐகேலண்டர்' என்ற பொது வரையறை 1998இல் வெளிவந்தது, 2009இல் திருத்தப்பட்டது. இல்லாத நாளை விட்டுவிட வேண்டும் என்பது அதன் விதி. அவ்வாறெனில் ஆண்டுக்கு ஏழு முறைதான் அந்நாள் வரும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கோ அதை மாதத்தின் கடைசி நாளுக்குக் கொண்டுபோகிறது. வீட்டு வாடகைக்கு இதுவே பொருத்தம். வேறொரு வேலைக்கு முன்னது பொருந்தலாம். எது வேண்டும் என்று பதிபவரைக் கேட்பதுதானே முறை? 2015இல் வந்த ஒரு விரிவாக்கத்தில், விட்டுவிடு, முன்நாளுக்குத் தள்ளு, பின்நாளுக்குத் தள்ளு என மூன்று வழிகளும் தரப்பட்டுள்ளன. வழி இருக்கிறது, கேட்கும் மனம்தான் வேண்டும்.

பட்டியலா, விதியா?

"இவ்வளவு தொல்லை எதற்கு? அடுத்த பத்தாண்டுத் தேதிகளையும் வரிசையாக எழுதி வைத்துவிட்டால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதாது. முடிவே இல்லாத வாரக் கூட்டத்துக்குப் பட்டியல் எங்கே முடியும்? மேலும், பட்டியலில் தேதி இருக்கும். அத்தேதிக்குரிய காரணம் இராது. 'திங்கள்தோறும் மாலை 4 மணி' என்ற விதியைக் காத்து, தேவைப்படும்போது தேதிகளைக் கணக்கிட்டுக்கொள்வதே சிறந்தது.

விதி என்றால் விலக்கும் உண்டு. 2024 ஜனவரி 15 திங்கட்கிழமை, அன்று பொங்கல். அன்றைய கூட்டம் 18ஆம் தேதி வியாழனுக்கு மாற்றப்பட்டதாகக் கொள்வோம். 'மூன்றாவது கூட்டம் மாற்றப்பட்டது' என்று மென்பொருள் குறித்து வைத்தால், பின்னாளில் தொடக்கத் தேதியைத் திருத்தும்போது மூன்றாவது வேறொன்றாகிவிடும். '15ஆம் தேதி வரவேண்டியது 18இல் வந்தது' என்று மூலத் தேதியைச் சொல்லிக் குறிப்பதே தக்கது. ஐகேலண்டர் வரையறையும் இம்முறையையே கையாள்கிறது.

ஜூனிலிருந்து கூட்டம் 5 மணிக்கு என்று மாறினால், பழைய விதியை மே மாதத்தோடு முடித்துவிட்டுப் புது விதி தொடங்க வேண்டும். பழைய விதியையே திருத்தினால், நடந்து முடிந்த கூட்டங்களும் 5 மணிக்கு நடந்ததாகப் பொய் சொல்லும்.

கடிகாரமும் மாறும்

நம் நாட்டில் கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றும் வழக்கம் இல்லை. ஆதலால் இச்சிக்கல் நம் கண்ணுக்குப் படுவதில்லை. அண்டை நாடான இலங்கையைப் பாருங்கள். மின் தட்டுப்பாட்டின் காரணமாக 1996 மே மாதத்தில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்துக்கே திரும்பியது. 'யாழ்ப்பாணத்தில் காலை 8 மணி' என்று பதிந்திருந்தால் இத்தனை மாற்றத்திலும் அது காலை 8 மணியாகவே நிற்கும். அதையே கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிப் பதிந்திருந்தால், பள்ளி மணி அடித்த பிறகோ அதற்கு முன்னரோதான் நினைவூட்டல் ஒலிக்கும். எனவே நேரத்தோடு ஊரையும் சேர்த்தே பதிய வேண்டும்.

அமாவாசைக்கு இடம் உண்டா?

என் நெஞ்சை உறுத்தும் கேள்வி இதுதான். அமாவாசைக்கும் அமாவாசைக்கும் இடையே சராசரி 29.53 நாட்கள். தமிழ் மாதமோ 29 நாள் முதல் 32 நாள் வரை நீளும். ஆங்கிலத் தேதியில் அமைந்த எந்த விதியும் இவற்றைப் பிடிக்காது. மேற்சொன்ன 2015ஆம் ஆண்டு விரிவாக்கம் சீன, எபிரேய, எத்தியோப்பிய நாட்காட்டிகளில் விதி எழுத வழிசெய்கிறது. மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957இல் இந்திய அரசு ஏற்ற சக ஆண்டு நாட்காட்டிக்கும் அங்கே பெயருண்டு. ஆனால் நம் வீட்டுப் பஞ்சாங்கத்துக்கு இடமில்லை.

இதற்குப் பிறரைக் குறை கூறிப் பயன் என்ன? வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கத்திலேயே இரு கணக்குகள் உள்ளன என்பதும், எந்த வீட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தவர்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

நம் கடமை

"ஓயாமல் கேள்வி கேட்டால் பயன்படுத்துவோர் சலிப்படைவர்" என்பர். நியாயமே. ஐயம் எழும் இடத்தில் மட்டும் கேட்கட்டும். மற்றபடி, பதியும் முன் அடுத்த 12 தேதிகளைத் திரையில் வரிசையாகக் காட்டினால் போதும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கைப்பேசியில் எதைப் பதிவதானாலும் எங்கள் தெருவில் என்னிடம்தான் நீட்டுகிறார்கள். விதியின் இலக்கணம் அவர்களுக்கு வேண்டியதில்லை. தேதிகளைத் தமிழில் காட்டினால், "இந்தத் தேதி தப்பு தம்பி" என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். கணக்கைக் கணிப்பொறி போடட்டும். சரிபார்க்கும் உரிமை மனிதரிடமே இருக்கட்டும்.

நாளை நம்மில் பலர் மென்பொருள் எழுதப் போகிறோம். கடைசி வரியை எழுதி முடிக்கும் முன், பிப்ரவரியை நினையுங்கள். ஐந்தாம் சனிக்கிழமையை நினையுங்கள். மாத்திரை தீர்ந்துபோன அந்த மூன்று நாட்களை நினையுங்கள் நண்பர்களே!