மாத்திரை எழுதும் சீட்டிலேயே பயிற்சியும் எழுதுங்கள்

நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) என்று தெரிந்த அன்றே மாத்திரையோடு இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் எழுதித் தரப்பட வேண்டும். குன்றத்தூர் வட்டாரத்தில் பார்க்கின்சன் நோயோடு வாழ்பவர்களும் குடும்பத்தாரும் சேர்ந்த எங்கள் குழுவின் நிலைப்பாடு இது. இன்று பலருக்கு, கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் 'பிசியோ' என்ற சொல்லே காதில் விழுகிறது.

எங்களில் ஒரு பெரியவருக்கு நிலைவாசல் வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "சீக்கிரம் வாங்கப்பா" என்றால் இன்னும் இறுகும். அதே மனிதர் குன்றத்தூர் முருகன் கோயில் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறார். பார்த்தவர்கள் நடிக்கிறார் என்றார்கள். நடிப்பே இல்லை. டோபமைன் சுரக்கும் மூளை செல்கள் அழிவதால், யோசிக்காமல் நடந்த நடை தடுமாறுகிறது. கண்ணுக்கு எதிரே ஒரு விளிம்போ காதுக்கு ஒரு தாளமோ கிடைத்தால் மூளை வேறு வழியாகக் காலைத் தூக்கிவிடும். அவர் மருமகள் வாசலருகே தரையில் மஞ்சள் டேப்பைக் கோடு கோடாக ஒட்டிவைத்தார். இப்போது "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணியபடி ஒவ்வொரு கோடாகத் தாண்டி வருகிறார். இந்த எளிய வழியை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அவர் இரண்டு முறை விழுந்திருக்க மாட்டார் என்றே நம்புகிறோம்.

குரல் விஷயம் இன்னும் கொடுமை. தான் சத்தமாகப் பேசுவதாகவே நோயாளி நினைப்பார். எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. இதற்கென்று அமெரிக்காவில் 1980களில் உருவான பயிற்சி, வாரம் 4 நாள் வீதம் 4 வாரம், ஆக 16 அமர்வுகள். ஒரகடம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகன், அப்பாவை 16 நாள் சென்னைக்குக் கூட்டிப்போக எங்கே லீவு போடுவார்?

ஆகவே பயிற்சி ஊருக்குள் வரவேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள். நடுக்குவாதத்துக்கான நடை, சமநிலை, விழுங்கும் பயிற்சிகளை அவர்களுக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அவரைச் சார்ந்த பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டு. இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியின் இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் வாரம் ஒரு நாளாவது பேச்சுப் பயிற்சியாளர் அமர வேண்டும் என்று கேட்கிறோம். இது சலுகை அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலேயே பார்க்கின்சன் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: பயிற்சியை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில்தான் உடம்பு பயிற்சிக்கு வளைந்து கொடுக்கும். வீட்டுக்கு வரும் சிகிச்சையாளர், மாத்திரை போடும் நேரத்தை முதலில் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப வரவேண்டும்.