ஐந்து டாலர் வாசலும் உயரமில்லாத மேடையும்

பங்க் என்றதும் நம் ஊரில் பெட்ரோல் போடும் இடம்தான் முதலில் நினைவுக்கு வரும். இசை என்று விளக்கிச் சொன்னாலும், ஆங்கிலப் படங்களில் பார்த்த கிழிந்த சட்டையும் நிறமடித்த தலைமுடியும் கொண்ட வெள்ளைக்கார இளைஞர்கள்தான் கண்முன் வருவார்கள். ஹார்ட்கோர் பங்க் என்பது அதிலிருந்து பிரிந்து, 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் போன்ற நகரங்களில் பெரும்பாலும் பதின்வயதினர் உருவாக்கிய வடிவம். இன்னும் வேகம், இன்னும் சத்தம். ஒரு பாட்டு ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு குழு அரைமணி நேரத்துக்கு மேல் வாசிப்பது அரிது. பாடகர் பாடுவதைவிடக் கத்துவதுதான் அதிகம்.

ஆய்வுப் படிப்புக்காக அமெரிக்காவில் இருக்கும் இந்த ஆண்டுகளில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குத் தொடர்ந்து போய்வருகிறேன். தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம், யாரோ வாடகைக்கு இருக்கும் வீட்டின் நிலவறை, பயன்படாமல் கிடக்கும் பழைய கிடங்கு என எங்கு இடம் கிடைக்கிறதோ அங்கே நடக்கும். "சாதி ஒழிப்பு பேசுகிற உனக்கு இந்தக் கூச்சலில் என்ன இருக்கிறது? ஒரு வரிகூடப் புரியவில்லையே" என்று ஊரிலிருக்கும் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நேரில் நின்று கேட்டாலும் பாதி வரிகள் காதில் விழாது.

ஆனால் வரிகளுக்கு வெளியே அங்கே ஓர் அரசியல் நடக்கிறது. வாசலில் எவ்வளவு வாங்குகிறார்கள், யாரை உள்ளே விடுகிறார்கள், மேடை எவ்வளவு உயரம், மைக் யார் கையில் இருக்கிறது, முன்வரிசையில் யாரால் நிற்க முடிகிறது என்பதில் அது நடக்கிறது. சமத்துவத்தைப் பாடுவது ஒன்று. ஒரு கூடத்தைச் சமத்துவமாக நடத்துவது வேறொன்று. முதலாவதில் நமக்கு நூறாண்டுப் பழக்கம் உண்டு. இரண்டாவதைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

வாசலில் இருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் இசை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மதுக்கூடங்களில் நடப்பவை. வயது குறைந்தவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை, அல்லது கெடுபிடி உண்டு. 1980இல் வாஷிங்டனைச் சேர்ந்த டீன் ஐடில்ஸ் என்ற பதின்வயதுக் குழு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வாசிக்கப் போனபோது, மது கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக அவர்கள் கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டார்கள். அவர்கள் அந்த ஏற்பாட்டை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். குறியைப் போட்டுக்கொள்கிறோம், எங்களை உள்ளே விடுங்கள் என்று கேட்டார்கள். சில ஆண்டுகளில், மது தொடாத பங்க் இளைஞர்கள் உலகம் முழுக்கத் தாங்களாகவே கையில் போட்டுக்கொள்ளும் சின்னமாக அது மாறியது. ஒதுக்குவதற்காக இடப்பட்ட அடையாளத்தையே கொடியாக்கிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. நொறுக்கப்பட்டவர் என்று பொருள்படும் தலித் என்ற சொல்லை நிமிர்ந்து நின்று சொல்லும் மக்களுக்கு இதன் பொருள் தெரியும்.

அதே நகரத்தில் 1980களின் பிற்பகுதியில் உருவான ஃபுகாஸி குழு, எல்லா வயதினருக்கும் அனுமதி, நுழைவுக் கட்டணம் கூடியவரை ஐந்து டாலர் என்ற கொள்கையைப் பல ஆண்டுகள் பிடிவாதமாகக் காத்தது. பெரிய நிறுவனங்கள் தேடி வந்த காலத்திலும் தாங்களே நடத்திய சிறிய நிறுவனத்தில்தான் இசைத்தட்டுகளை வெளியிட்டார்கள். கூட்டத்தில் யாராவது பிறரை அடித்தால் பாட்டை நிறுத்துவார்கள். அந்த ஆளிடம் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். கட்டணம் குறைவு என்பதைத் தர்மமாக அவர்கள் நினைக்கவில்லை. பள்ளிச் சிறுவனும் உணவகத்தில் பாத்திரம் கழுவும் பெண்ணும் உள்ளே வர முடியாத இடத்தில் விடுதலை பற்றிப் பாடுவதில் பொருளில்லை என்று புரிந்துவைத்திருந்தார்கள்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் என்ற கூடம் 1986ஆம் ஆண்டின் கடைசி நாளில் திறக்கப்பட்டது. நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். சிறு தொகை கட்டி உறுப்பினராகும் எவரும் கூட்டத்தில் வாக்களிக்கலாம். இனவெறி கூடாது, பாலின ஒடுக்குமுறை கூடாது, தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்பு கூடாது, மது கூடாது, வன்முறை கூடாது என்று விதிகளைச் சுவரிலேயே எழுதிவைத்தார்கள். இதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டுகளில் நாஜி ஸ்கின்ஹெட் கும்பல்கள் பங்க் நிகழ்ச்சிகளுக்குள் புகுந்து அடிதடி செய்துகொண்டிருந்தன. 1981லேயே டெட் கென்னடீஸ் குழு, நாஜி பங்குகளை வெளியே போகச் சொல்லி ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதோடு ஸ்வஸ்திகா அடிக்கப்பட்ட கைப்பட்டை ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தது. எல்லோருக்கும் திறந்த இடம் என்று சொல்லிவிட்டு வெறியர்களையும் அனுமதித்தால், கொஞ்ச நாளில் வெறியர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள் என்ற பாடத்தை அந்தப் பிள்ளைகள் அடிவாங்கித்தான் கற்றார்கள்.

இனி உள்ளே போவோம். மேடை பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் முழங்கால் உயரம். இசை தொடங்கியதும் கூட்டத்தின் நடுவில் மோஷ் பிட் என்ற வட்டம் உருவாகும். ஒருவர்மீது ஒருவர் மோதுவார்கள், குதிப்பார்கள், அடுத்தவர் தோளில் ஏறிப் பாடகரின் மைக்கில் கத்துவார்கள். முன்பின் தெரியாதவரின் வியர்வை நம் சட்டையில் ஊறும். யாராவது விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே தூக்கிவிட வேண்டும். இது எழுதாத சட்டம். நான் விழுந்த இரண்டு முறையும், எழுவதற்கு நான் முயற்சி எடுக்கும் முன்பே நான்கைந்து கைகள் என் அக்குளுக்குக் கீழே வந்துவிட்டன.

தொடுதல் ஒரு சமூகப் பிரச்சினை என்று தெரியாதவர்களுக்கு இது வெறும் ஆட்டம். கண்டதேவியில் தேர் வடத்தைப் பிடிக்கும் உரிமைக்காகத் தலித் மக்கள் எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்று தெரிந்த நமக்கு அப்படியில்லை. அந்தப் போராட்டம் சாமியை நம்புவது பற்றியதல்ல. ஒரே வடத்தில் யார் கைக்குப் பக்கத்தில் யார் கை இருக்கலாம் என்பது பற்றியது. சாதி என்பது உடல்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து வைத்திருக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் பிறந்த ஓர் உடலுக்கு, யாரும் ஊர் கேட்காமல், தெரு கேட்காமல், விழுந்ததும் தூக்கிவிடும் கூட்டம் என்ன செய்யும் என்பதை நான் கோட்பாட்டுச் சொற்களில் எழுத விரும்பவில்லை. நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் தொட்டுக்கொண்டோம் என்பதாலேயே சமமாகிவிட்டோம் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். வட்டத்தின் நடுவில் இருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் உடல் வலுவுள்ள ஆண்கள். பெண்கள் சுவரோரம் நின்று காதலனின் கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்த நிலைக்கு எதிராகத்தான் 1990களின் தொடக்கத்தில் ரயட் கேர்ள் இயக்கம் எழுந்தது. பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹன்னா, பெண்களை முன்னால் வரச் சொல்லி, ஆண்களைப் பின்னால் போகச் சொன்னார். பாட்டைவிட அந்த இடமாற்றம்தான் பலரைக் கோபப்படுத்தியது. பெண் விடுதலைப் பாட்டை ரசித்துக் கேட்ட ஆண்கள் இரண்டடி பின்னால் நகர மறுத்தார்கள். கொள்கை எங்கே முடிகிறது, சலுகை எங்கே தொடங்குகிறது என்பதை அந்த இரண்டடியில் பார்க்கலாம்.

அந்தப் பெண்கள் இயக்கமும் பெரிதும் வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்களுடையதாக இருந்தது. கறுப்பினப் பெண்களும் ஆசிய, லத்தீன் வம்சாவளிப் பெண்களும் ஜெராக்ஸ் எடுத்த கைப்பத்திரிகைகளில் இதை எழுதினார்கள். மிமி தி நுயென் அப்படிப்பட்ட எழுத்துகளைத் திரட்டி 1997இல் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். முன்வரிசைக்கு வந்த பெண்களைப் பார்த்து, உங்களில் யார் என்று கேட்பதற்கு இன்னொரு போராட்டம் தேவைப்பட்டது. நம்முடைய பெண்ணிய மேடைகளில் தலித் பெண்கள் கேட்டுவரும் கேள்வியும் இதுதான்.

ஹார்ட்கோரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் ஒரு மோசமான பாட்டு. வாஷிங்டனின் மைனர் த்ரெட் குழு 1981இல், வெள்ளையாக இருப்பதற்காகக் குற்றவாளியாக்கப்படுவது பற்றி ஒரு பாட்டு வெளியிட்டது. அப்போது அந்த நகரத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்த வெள்ளைப் பையனின் குமுறல் அது. எழுதிய இயன் மக்காய் தன் நோக்கம் இனவெறிக்கு எதிரானது என்றுதான் சொல்லிவந்திருக்கிறார். அவருடைய பிற்கால வாழ்க்கையும் அதற்குச் சாட்சி. ஆனாலும் வெள்ளை இனவெறியர்கள் அந்தப் பாட்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். முன்னோர் செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்ற அந்தக் குரலை நம் கல்லூரி விடுதிகளில் கேட்காதவர் உண்டா? இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், நான் சாதி பார்ப்பதில்லை, என்னை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று தொடங்கும் குரல் அது. கலகக்காரர் வாயிலிருந்து வந்தாலும் அது ஆதிக்கத்துக்கே உதவும். நல்ல நோக்கம் அதைக் காப்பாற்றாது.

இதில் இன்னொரு முரண் உண்டு. மைனர் த்ரெட் உட்பட அந்த நகரத்து வெள்ளைப் பிள்ளைகள் யாரைப் பார்த்து வேகமாக வாசிக்கக் கற்றார்கள்? பேட் பிரெய்ன்ஸ் என்ற குழுவைப் பார்த்து. நான்கு கறுப்பின இளைஞர்கள், ஜாஸ் கலந்த இசையில் தொடங்கி, 1970களின் இறுதியில் பங்குக்கு வந்தவர்கள். 1982இல் கேசட்டாக வந்த அவர்களின் முதல் தொகுப்பு இல்லாமல் இந்த இசையே இன்று இருக்கும் வடிவில் இருந்திருக்காது. ஆனால் உலகத்தின் மனதில் பங்க் என்றால் வெள்ளை முகம். உழைத்து உருவாக்கியவரை விளிம்புக்குத் தள்ளிவிட்டுக் கலைக்கு மட்டும் மரியாதை செய்வது எப்படி என்று பறைக்கும் பரதத்துக்கும் நடந்ததைப் பார்த்த நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பேட் பிரெய்ன்ஸ் மீது தன்பாலீர்ப்பாளர் வெறுப்பு குறித்த கடுமையான விமர்சனமும் உண்டு. ஒடுக்கப்பட்டவர் என்ற தகுதி மட்டுமே யாரையும் அடுத்தவரை ஒடுக்காமல் தடுத்துவிடாது.

எனக்குப் பிடித்த குழு சிகாகோவின் லாஸ் க்ரூதோஸ். மெக்சிகோ வம்சாவளி உழைக்கும் மக்கள் வாழ்ந்த பில்சன் பகுதியிலிருந்து 1990களில் இயங்கியது. வெள்ளையர் நிறைந்த அரங்குகளில் ஸ்பானிய மொழியில் பாடியது. பாடகர் மார்ட்டின் சொரொண்டெகி பாட்டுகளுக்கு நடுவில் நிறுத்தி, குடியேறிகள் மீதான வெறுப்பைப் பற்றியும் தங்கள் தெருவைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேசுவார். பங்க் வட்டத்திலேயே யாரோ அவர்களை இனத்தைச் சொல்லி இழிவாகக் குறிப்பிட்டபோது, அந்தச் சொல்லையே தலைப்பாக்கி ஆங்கிலத்தில் ஒரு பாட்டுப் போட்டார்கள். எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இந்தக் கூடம் எங்களுடையதும்தான் என்று நின்றார்கள்.

நானும் அந்தக் கூடங்களில் இப்படித்தான் நிற்கிறேன். சாதி அங்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்து வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது, சிறைகளை ஒழிப்பது பற்றி அரைமணி நேரம் அழகாகப் பேசிய இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவர் என் குடும்பப் பெயரைக் கேட்டார். எங்களிடம் தலைப்பெழுத்துதான் உண்டு என்றேன். சரி, எந்த ஊர் என்றார். வீட்டில் அசைவமா என்றார். கையில் அவருக்கும் அந்தப் பெருக்கல் குறி இருந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் இதுபோன்ற மசோதாவை மறுப்பாணையால் நிறுத்தினார். அந்த வாசலில் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளுக்கும் இந்தச் சட்டப் போராட்டத்துக்கும் தூரம் அதிகமில்லை. கில்மன் சுவரில் உள்ள பட்டியலைப் போன்றவற்றில் சாதி என்ற சொல்லும் சேர வேண்டும். சேர்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

நம் மேடைகளுக்கு வருகிறேன். பாட்டு நம்மிடம் குறைவில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் கிட்டாரும் ஒன்றாக நின்றன. 2020இல் தொடங்கிய மார்கழியில் மக்களிசை, சபாக்களின் மாதத்தில் பறைக்கு இடம் பிடித்தது. இவை பெரிய வெற்றிகள். ஆனால் நம் சிறு ஊர்களில் நடக்கும் முற்போக்குக் கூட்டங்களைப் பாருங்கள். ஆறடி உயர மேடை. தலைமை, முன்னிலை, வரவேற்பு, சிறப்புரை என்று அழைப்பிதழிலேயே ஒரு படிநிலை. பொன்னாடைக்கு அரைமணி நேரம். நாற்காலி போட்ட தோழரின் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில், அதுவும் நேரம் இருந்தால். பெண்களுக்குத் தனியாக ஒரு பக்கம். பறையடித்தவர்கள் தொடக்கத்தில் அடித்துவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். கேள்வி கேட்க மைக் கீழே வருவதே இல்லை. பேசப்படுவது என்னவோ சாதி ஒழிப்புதான்.

இந்தப் படிநிலையைக் கலைக்கப் பணம் வேண்டாம். அடுத்த நிகழ்ச்சியை நடத்தப் போகும் இளைஞர்கள் சில கேள்விகளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும். மேடை இல்லாமல் நடத்த முடியுமா? கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கும் ஏற்ற நேரத்தில் முடிப்போமா? பறை வாசிப்பவர் பேசவும் செய்வாரா? விதிகளை வாசலில் எழுதி ஒட்டுவோமா? அதை மீறுபவர் நம் இயக்கத்தின் மூத்த தோழராகவே இருந்தாலும் பேச்சை நிறுத்தி வெளியே அனுப்பும் துணிவு இருக்கிறதா?

கடைசிக் கேள்விதான் கடினமானது. ஹார்ட்கோர் கூடங்களிலும் பல இரவுகளில் அதற்கு இல்லை என்பதே பதில். அடுத்த வாரம் மறுபடி முயல்கிறார்கள். நாமும் ஒரு சின்னக் கூட்டத்தில், முப்பது பேரோடு, தரையில் உட்கார்ந்து முயன்று பார்க்கலாம்.