பூட்டு நமது, சாவி யாரிடம்?

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல்



"வீட்டு வாசல் வரைக்கும் ஃபைபர் வந்தாச்சு, நீ டயல்-அப் மோடத்தைப் பத்தி எழுதப் போறியா?" என்று மலர்க் குழுவிலேயே சிரித்தார்கள். சிரிக்கட்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு இன்னும் விற்றவனுடையது என்று தெரிய வேண்டுமா? லினக்ஸில் ஒரு பழைய மோடத்துக்கு டிரைவர் போட்டுப் பாருங்கள்!

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. முதலில் வந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். படத்தோடு பார்க்கும் கணக்குக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். அதாவது மணிக்கு 60 ரூபாய், டெலிபோன் பில் தனி. மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஷெல் கணக்கு இருந்தது. அதில் வெறும் எழுத்து மட்டும்தான் வரும். ஆனால் அந்த 500 ரூபாய்க்காரர்கள் யூனிக்ஸ் கட்டளைகளைத் தட்டித் தட்டியே பழகிக்கொண்டார்கள். பணக்காரருக்குக் கிடைக்காத யோகம் என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது மோடத்துக்கு வருவோம். கணிப்பொறியின் 0, 1 எல்லாவற்றையும் டெலிபோன் கம்பியில் போகும் ஒலியாக மாற்றுவதும், அந்தப் பக்கமிருந்து வரும் ஒலியை மறுபடி 0, 1 ஆக்குவதும் அதன் வேலை. 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடம், 'ஏடி' என்று தொடங்கும் கட்டளைகளைக் கேட்டு நடந்தது. பின்னால் வந்த கம்பெனிகளும் அதே கட்டளைகளை எடுத்துக்கொண்டன. அதனால் எந்தக் கணிப்பொறியானாலும் சீரியல் கேபிளில் மாட்டினால் வேலை முடிந்தது. டிரைவர் என்ற பேச்சே பெரிதாகக் கிடையாது.

1990-களின் பிற்பாதியில் விலையைக் குறைப்பதற்காக 'வின்மோடம்' வந்தது. மோடத்தின் உள்ளே இருந்த சிப்புகளில் பாதியை எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கணிப்பொறியின் பிராசஸர் தலையில் கட்டினார்கள். மெஸ்ஸில் சோறு மட்டும் போட்டுவிட்டு, "சாம்பார் நீங்களே வெச்சுக்குங்க" என்பது மாதிரி. அந்தச் சாம்பார் செய்முறை விண்டோஸுக்கு மட்டும் சொல்லப்பட்டது. லினக்ஸுக்குச் சொல்லவில்லை.

போன பருவத்தில் எங்கள் துறையின் பழைய அலமாரியில் இரண்டு மோடம் கிடைத்தது. ஒன்று வெளியில் வைப்பது, இன்னொன்று பழைய கணிப்பொறிக்குள் செருகும் அட்டை. நாங்கள் மூன்று பேர், லேப் முடிந்த பிறகு உட்கார்ந்தோம். வெளி மோடத்தை முதல் சீரியல் போர்ட்டில் மாட்டி 'ஏடி' என்று தட்டினோம். 'ஓகே' என்று பதில் வந்துவிட்டது! இன்டர்காம் லைனில் டயல் பண்ணச் சொன்னபோது மட்டும் 'நோ டயல்டோன்' என்றது. நம்ம ஊர் டயல் டோன் அந்த மோடத்துக்குப் பழக்கமில்லாத ஒலி. 'ஏடிஎக்ஸ்3' கொடுத்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் பண்ணும். கொடுத்தோம், ஸ்டோர் ரூமில் மணி அடித்தது. அந்தக் காலத்தில் இங்கே லினக்ஸ் வைத்திருந்த பலர் செய்த வைத்தியம்தான் இது.

உள் மோடம் வேறு கதை. சாதனப் பட்டியலைக் கேட்டால், அட்டை இருக்கிறது, சிப் எண் இன்னது என்று லினக்ஸ் சொல்கிறது. மோடத்தைத் தேடு என்றால், போர்ட் போர்ட்டாகப் போய்ப் பார்த்துவிட்டு 'மன்னிக்கவும், மோடம் எதுவும் அகப்படவில்லை' என்கிறது. பொய் இல்லை. மோடமாக வேலை செய்யும் பகுதி அந்த அட்டையில் இல்லவே இல்லையே! டிரைவர் ஒன்று கிடைத்தது. ஆனால் அது வேறொரு கெர்னலுக்குச் செய்தது. 2.4.18-க்குச் செய்ததை 2.4.20-இல் ஏற்றினால் 'பதிப்பு பொருந்தவில்லை' என்று துப்பிவிடும். மூலநிரல் இருந்தால் நாமே நம் கெர்னலுக்குக் கம்பைல் பண்ணிக்கொள்ளலாம். அதைத்தான் தர மாட்டார்களே! அட்டை அலமாரிக்கே திரும்பிப் போனது.

அந்தக் காலத்து ஆட்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. டிரைவர் இணையத்தில் இருக்கும், இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்! நண்பர் வீட்டில் ஃபிளாப்பியில் இறக்கிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகையோடு வரும் சி.டி.யில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

லூசன்ட் சிப்புக்கு ஒரு டிரைவர் வந்தது. அதிலும் முக்கியமான பகுதி மூலநிரல் இல்லாத பூட்டிய துண்டு. அதைச் சுற்றி மற்றவர்கள் நிரல் எழுதி ஓட்டினார்கள். கோனெக்சன்ட் சிப்புகளுக்கு லினுக்சன்ட் என்ற கம்பெனி டிரைவர் தந்தது. இலவசமாக எடுத்தால் 14.4 கிலோபிட் வேகம்தான், முழு வேகம் வேண்டுமானால் பணம். ஒரு மெகாபைட் இறக்க 56 கிலோபிட்டில் ஏட்டுக் கணக்குப்படி இரண்டரை நிமிடம், 14.4-இல் ஒன்பது நிமிடத்துக்கு மேல். மோடத்துக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று என்பதை மறந்துவிடாதீர்கள்.

2004-இல் இன்னொரு வேடிக்கை வெளியே வந்தது. மூலநிரல் தராத டிரைவரை ஏற்றினால் லினக்ஸ் கெர்னல் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்ளும். இதே லினுக்சன்ட், உரிமம் எழுதும் இடத்தில் 'ஜிபிஎல்' என்று போட்டு, அடுத்து ஒரு பூஜ்ய எழுத்தை வைத்து, அதற்குப் பிறகு மீதி நிபந்தனைகளை எழுதியிருந்தது. சி பாடத்தில் படித்தோமே, ஸ்டிரிங் பூஜ்ய எழுத்தோடு முடியும் என்று? கெர்னல் 'ஜிபிஎல்' வரைக்கும் படித்துவிட்டு, நல்ல பிள்ளை என்று உள்ளே விட்டது! எச்சரிக்கைச் செய்தி திரும்பத் திரும்ப வந்து பயனாளிகளைக் குழப்புகிறது, அதனால்தான் செய்தோம் என்று கம்பெனி விளக்கம் சொன்னது. எனக்கு அந்த விளக்கம் ஒப்பவில்லை.

இது மோடத்தோடு முடிந்த கதை என்று நினைக்காதீர்கள். என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவர், ஆனால் பழைய லேத் எதுவானாலும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வார். பட்டறைக்கு வந்த ஒரு புது மிஷினின் கன்ட்ரோலருக்கு, செய்த கம்பெனி பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறது. அது நின்றால் அவர்கள் ஆள் வரும்வரை பட்டறையில் கைகட்டி உட்கார வேண்டியதுதான். "மிஷினு நம்மளோடதுதான்பா. அதோட மூளை அவங்க கைல இருக்குது" என்றார் அப்பா. நான் மூன்று வருஷம் படித்துச் சொல்ல வந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

விலை குறைந்ததால்தானே நிறைய வீடுகளுக்கு மோடம் போனது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எங்களைப் போன்ற வீடுகளுக்கு விலைதான் முதல். சிப்பைக் குறைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. செய்முறையை மறைத்ததுதான் தப்பு. விவரத்தைக் கொடுத்தால் டிரைவரை எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். 2007-இல் கெர்னல் நிரலாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் கம்பெனிகளுக்குப் பகிரங்கமாகவே சொன்னார்: சாதன விவரத்தைக் கொடுங்கள், டிரைவரை நாங்கள் இலவசமாக எழுதித் தருகிறோம் என்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. அதைச் செய்தது நம் சென்னை சி-டாக். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இன்னும் அந்த லேப்டாப்பை வைத்திருக்கிறார். பாஸ் பக்கம் ஒருநாளும் போனதில்லையாம். "அதுல என்னடா இருக்கு?" என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவருக்குத் திறந்து காட்டவில்லை.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு லேபுக்கு வைஃபை அட்டை, பிரின்டர், கன்ட்ரோலர் எது வாங்கினாலும், கொட்டேஷன் கேட்கும் தாளில் 'லினக்ஸ் டிரைவர் மூலநிரலோடு கிடைக்குமா?' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி துறைத் தலைவரிடம் கேளுங்கள். அந்தப் பழைய மோடம் அட்டையையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலாண்டு தம்பி தங்கைகள் எர்ரர் செய்தியைப் படித்துப் பழக அதைவிட நல்ல சாமான் நம் துறையில் இல்லை. இரண்டாவது அலமாரி, கீழ்த்தட்டு, சிப் எண்ணை எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம்.